உப்பின் தலையில் ஏற்றிய பழி

மரக்காணம் தொடங்கிக் கடலூர் வரையில், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவர்களிடத்தும், அவர்களை அழைத்துப் பணம் கொடுக்கும் தர்மகர்த்தாக்களிடத்தும், அவர்களுக்குச் சாமான் விற்கும் வியாபாரிகளிடத்தும் ஓர் அபிப்பிராயம் வேதவாக்கைப்போல நிலைபெற்றிருக்கிறது. கடற்காற்று படும் இடத்தில் எந்த ஆம்பிளிபயரும் நிலைக்காது. இரண்டு மூன்று வருஷம் உழைத்தால் அதுவே லாபம். ஆகையால் விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கு, போகிற வரைக்கும் ஓட்டு, போனபின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கு. பராமரிப்பு என்று செலவழிப்பது விழலுக்கு இறைத்த நீர். அதிலும், பல ஆம்பிளிபயர்களை ஒரே கம்பி வலையில் பிணைத்து ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே அவற்றை ஆள்கிற நெட்வொர்க் என்ற விவகாரம் குளிரூட்டிய மண்டபங்களுக்கு ஏற்பட்டதேயன்றி உப்பளத்து ஊருக்கு ஆகாது என்பதே அந்த அபிப்பிராயம். அனுபவத்தில் கண்டது என்ற கௌரவம் அதற்கு இருப்பதால் அதை எதிர்த்துப் பேசுவோர் அரிது. அது அடியோடு தவறு என்பதே என் கட்சி.

உப்பு தீங்கற்றது என்று வாதிக்க நான் வரவில்லை. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும், இடையே கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளப் பாத்திகள் என்று அமைந்திருக்கும் மரக்காணத்தில், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலரும் கருதும் அந்தப் பழம்பதியில், காற்றோடு உப்பும் கலந்து வருகிறது என்பதை மறுப்பார் யார்? பிற்பகலில் சாலையோரம் நிறுத்திய சைக்கிளின் கைப்பிடியை அந்தி சாய்ந்தபின் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். ஆனால் உப்பு வருகிறது என்பது ஒன்று. உப்புதான் கருவியைக் கொல்கிறது என்பது வேறொன்று. முன்னதைக் கண்ணால் கண்டுவிட்டுப் பின்னதை ஆராயாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

உப்பளத்தில் பாடுபடுகிறவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சுத்தமான உப்பு எளிதில் நீர்த்துப் போகாது. பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சி நிற்கும் கசப்பு நீரைச் சரியாக வடிக்காமல் வாரிக் குவித்தால்தான் அந்த அம்பாரம் கசிந்துகொண்டே கிடக்கும். அந்தக் கசப்பு பெரும்பாலும் மக்னீசியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 33 சதவிகிதத்தைக் கடந்தாலே அது காற்றிலுள்ள நீரைப் பருகிக் கரையத் தொடங்குகிறது. நாம் சோற்றில் இடும் சோடியம் குளோரைடோ ஏறக்குறைய 75 சதவிகிதம் வரையில் உலர்ந்தே இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் நுண்துளிகளில் இரண்டும் உண்டு என்றாலும் மிகப்பெரும் பகுதி சோற்றுப்பே. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஈரம் குடித்த உப்புப் படலம் கடத்துகிறது, செம்பை அரிக்கிறது, வெள்ளீயப் பற்றைத் தின்கிறது. ஆகவே கருவிக்குள் உப்பு புகுந்ததா என்று கேட்பதால் பிரயோஜனம் இல்லை; புகுந்த உப்பு அங்கே எத்தனை நாள் ஈரமாகக் கிடந்தது என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் விடை நமக்கே வெட்கத்தைத் தருவதாக இருக்கிறது. வெளிக்காற்று 30 டிகிரி உஷ்ணத்திலும் 85 சதவிகித ஈரப்பதத்திலும் இருக்கும் ஒரு மாலையில், ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பிளிபயரின் உட்புறம் 40 டிகிரிக்கு ஏறுமானால், அதே காற்றின் ஈரப்பதம் உள்ளே 50 சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் சோற்றுப்பு உலர்ந்து வாளாவிருக்கும். அதாவது, வேலை செய்கிற ஆம்பிளிபயர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. நாம் செய்வது என்ன? மாசி மகத்துத் தீர்த்தவாரி முடிந்த கையோடு அதைக் கழற்றி, கடற்கரையின் ஈரத்தோடும் மணலோடும் பாலிதீன் தாளில் இறுக்கிச் சுற்றி, ஜன்னல் இல்லாத அறையில் சிமெண்டுத் தரைமேல் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த திருவிழாவுக்குத்தான் பூட்டைத் திறக்கிறோம். ஆடிப் புழுக்கமும் ஐப்பசி கார்த்திகை மழையும் அந்தத் தாளுக்குள் நிதானமாகத் தம் வேலையைச் செய்கின்றன. இரைச்சலும் வெப்பமும் தூசுமாக ஓடிய பத்து நாளில் சாகாத கருவி, ஓய்வு என்ற பெயரால் அடைத்து வைத்த பதினொரு மாதத்தில் சாகிறது. கருவியைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதாக எண்ணுகிறவர்களே அதற்கு எமனாக இருக்கிறார்கள்.

இவ்விதம் ‘உப்பு தின்றுவிட்டது’ என்று கைவிடப்பட்ட ஆம்பிளிபயர் ஒன்றின் மூடியைத் திறந்து நிதானமாகப் பார்க்கும்படி வாசகரை வேண்டுகிறேன். விசிறியின் இறகுகளில் முன் ஓரம் முழுதும் கறுத்த அழுக்கு தடித்திருக்கும். வெப்பத்தை வெளியேற்றவேண்டிய அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் தூசும் பஞ்சும் உப்பும் சேர்ந்து இறுகிய சாம்பல் நிறப் படை அடைத்துக்கொண்டிருக்கும். நகத்தால் கீறினால் அது பொடியாக உதிராமல் ஈரமாக ஒட்டும். திருகாணித் தலைகளில் துரு, ஸ்பீக்கர் முனைக்குச் செல்லும் செம்புப் பட்டையில் பச்சைக் களிம்பு, போர்டுகளை இணைக்கும் கேபிளின் பின்களுக்கு நடுவே வெள்ளைப் பூப்பு. இவ்வளவையும் பார்த்துவிட்டு, மீட்டரை எடுத்துப் பவர் டிரான்ஸிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், பலமுறை அவை பழுதின்றி இருப்பதைக் காணலாம். செத்ததாகச் சொல்லப்பட்ட கருவி மூச்சடைத்துக் கிடந்திருக்கிறது, அவ்வளவே.

அதைத் துடைப்பதிலும் நம் பழக்கம் தவறான வழியிலேயே செல்கிறது. பெட்ரோலையோ தின்னரையோ, கொஞ்சம் விஷயம் தெரிந்தவரானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கிறார்கள். எண்ணெய்ப் பசை போகிறது, போர்டு பளபளக்கிறது, உப்பு மாத்திரம் போகாமல் நிற்கிறது. ஏனெனில் உப்பு நீரில் கரையுமேயன்றி இந்தத் திரவங்களில் அநேகமாகக் கரைவதே இல்லை. முதலில், பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீரைத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் போர்டைக் கழுவ வேண்டும். அதன்பின் ஆல்கஹால், எஞ்சிய நீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். அதன்பின் இளஞ்சூடான காற்றில் ஒரு நாள் உலர்த்தல். டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, வால்யூம் திருகு, விசிறி ஆகியவற்றை நீர் அணுகலாகாது. காற்றுப் பம்பால் ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால், கட்டுமீறிச் சுழன்று அதன் பேரிங் கெட்டுப்போகும். இவை யாவற்றுக்கும் முன்னதாக, பிளக்கைப் பிடுங்கியபின்னும் பெரிய கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெஸிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டை நேராகவே திருத்தி எடுக்கும் ஸ்விட்ச் மோடு வகையில் அது 325 வோல்ட் வரையில் நிற்கும், ஆளைக் கொல்லும். இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒரு மனிதரின் ஓரிரு நாள் உழைப்பும் சில நூறு ரூபாய்ச் சாமானும். இதை வருஷத்துக்கு ஒரு தரம் செய்ய மனம் வராதவர்கள், பல ஆயிரம் கொடுத்துப் புதிது வாங்குவதைச் சிக்கனம் என்று அழைக்கிறார்கள். அடைபட்ட தகடுகளால் ஏறும் உஷ்ணம் வேறு அவர்கள் கணக்கில் வருவதில்லை; எலெக்ட்ரோலைடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் எல்லாரும் ஒப்புக்கொண்ட பாடம்.

இனி, உப்பு செய்யாத பாவங்களும் உப்பின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. இரவுக் கச்சேரி நடுவில் ஜெனரேட்டருக்கு மாற்றும்போதோ, காற்றில் ஆடும் கம்பத்திலோ நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்கு ஏற்பட்ட கருவிக்கு 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் வந்து சேரலாம். அடுத்த கணம் புகை. ‘கடற்கரை ஆயிற்றே’ என்று பெருமூச்சு விடுகிறோம். அந்த நியூட்ரல் இணைப்பில் அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கி விட்டதால் உப்பு ஈரத்தில் அது அரித்துப் போயிருக்கலாம்; அந்த மட்டில் உப்புக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குற்றம் முறுக்கிய கையினுடையது. ‘இன்னும் ரெண்டு பாக்ஸ் சேர்த்துக் கட்டு’ என்று விழாக் குழுவினர் வற்புறுத்துவதும் இவ்வாறே. 8 ஓம் பெட்டிகள் நான்கைப் பேரலலாகக் கட்டினால் சுமை 2 ஓமுக்கு இறங்குகிறது. 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று முதுகிலேயே அச்சிட்டிருக்கும் ஆம்பிளிபயர் அதை எத்தனை மணி நேரம் தாங்கும்? மறுநாள் காலையில் உப்பின்மேல் பழி.

பழைய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பிளிபயர்தான் இந்த மண்ணுக்கு ஏற்றது, புதிய இலேசான வகை உதவாது என்பாரும் உளர். பழையதைத் திண்டிவனத்துக் கடைத்தெருவிலேயே பிரித்துச் சீர்செய்யலாம் என்பது உண்மை. புதியதன் நுண்ணிய பின்களுக்கிடையே உப்புப் படலம் எளிதில் பாலம் போடும் என்பதும் உண்மை. அதற்குப் போர்டின்மேல் பாதுகாப்பு வார்னிஷ் பூசிய கருவியாகக் கேட்டு வாங்குவதே பரிகாரம். ஆனால் அந்தப் புதிய வகையைச் சேர்ந்த டி வகுப்பு ஆம்பிளிபயர் தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரையில் ஒலிபெருக்கிக்கே கொடுத்துவிடுவதால், அதற்கு வெப்பம் குறைவு. வெப்பம் குறைவானால் விசிறி இழுக்கும் காற்று குறைவு. காற்று குறைவானால் உள்ளே வரும் உப்பும் குறைவு. இதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நெட்வொர்க்கை மறுப்பவர்களின் வாதத்துக்கு வருகிறேன். இங்கேதான் அவர்களுடைய தவறு மிகப் பெரிது. மேடைப் பக்கம் ஆம்பிளிபயரை வைத்து, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 100 மீட்டர் தூரத்திலுள்ள 4 ஓம் பெட்டிகளுக்கு ஒலியை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போகவர 200 மீட்டர் கம்பி. அதன் தடை ஏறக்குறைய 2.4 ஓம். ஆம்பிளிபயர் வெளியிடும் சக்தியில் நூற்றுக்கு 38 பங்கு வழியிலேயே கம்பியைச் சூடாக்கி வீணாகிறது. களிம்பேறிய முடிச்சு ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் தின்கிறது. ஹார்ன்களுக்கு 100 வோல்ட் லைன் இழுத்த நம் முன்னோடிகள் இந்த நஷ்டத்தை அறிந்தே அப்படிச் செய்தார்கள். 100 வாட்டுக்கு அதே கம்பியில் இழப்பு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. அறிவிப்புக்கு அந்த முறை இன்றும் சிறந்தது. பாட்டுக்கும் பெரிய கூட்டத்துக்கும் உள்ள வழி, ஆம்பிளிபயரை ஒலிபெருக்கியின் காலடிக்கே கொண்டுபோய் வைத்து, நெடுந்தூரத்தில் சக்தியை அனுப்பாமல் ஒலியின் எண்வடிவத்தை மாத்திரம் அனுப்புவது. 1996-இல் கோப்ராநெட், 2006-இல் சிட்னி நகரத்து ஆடினேட் கம்பெனியின் டான்டே, 2013-இல் ஏ.இ.எஸ்.67 என்ற பொது விதி என்று இந்த வித்தை படிப்படியாக விருத்தியடைந்து, கம்ப்யூட்டருக்கு உபயோகமாகும் சாதாரண எதர்நெட் கேபிளிலேயே ஓடும்படி ஆகிவிட்டது. செம்புக் கேபிளானால் 100 மீட்டர். கண்ணாடி இழையானால் கிலோமீட்டர் கணக்கு.

கண்ணாடி இழைக்குள் அரிக்கச் செம்பு இல்லை. இடி விழுந்தால் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து வராது. ஜெனரேட்டரின் உறுமல் அதில் ஏறாது. உப்பளத்து ஊருக்கு ஆகாது என்று தள்ளப்படும் இந்த முறை, உப்பளத்து ஊருக்கென்றே பிறந்ததாக எனக்குத் தோன்றுகிறது. முனைகளில் சொருகும் இடத்தை மூடியிட்டு நீர் புகாமல் வைக்க வேண்டியது மெய்யே. அது முறுக்குக் கம்பிக்கும் வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய நன்மை வேறு. நெட்வொர்க்கில் சேர்ந்த ஆம்பிளிபயர் தன் உஷ்ணம் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் கொடுக்கிறது, எதிரேயுள்ள சுமை எத்தனை ஓம் என்பவற்றைத் தானே சொல்கிறது. ஹார்னின் சுருள் அறுந்தால் ஓம் உயரும். கம்பி ஷார்ட் ஆனால் சரியும். அதே பாட்டுக்கு அதே வால்யூமில் உஷ்ணம் மாதந்தோறும் ஏறிக்கொண்டே வந்தால் தகடு அடைபடுகிறது என்று பொருள். பூட்டிய அறையில் நடப்பது திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ இருக்கும் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னும், தினந்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் தானே இயக்கி உள்ளே உலர வைக்கும்படியும் அதற்குக் கட்டளையிடலாம். பதினொரு மாத மரணத்துக்கு அதுவே மருந்து. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதியையும், பகலில் எந்தத் தெருவில் எவ்வளவு ஓசை என்ற அளவையும், ஆள் வைத்துக் கண்காணிக்காமலே கடைப்பிடிக்கலாம்.

‘இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? பாட்டுப் போட ஒரு பெட்டி போதும்’ என்பவர்களுக்கு நல்லவாட்டை நினைவூட்டுகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அந்த மீனவர் ஊரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. 1998-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வில்லியனூர் மையம் கம்பியில்லா இணைப்பால் பல கிராமங்களோடு பிணைக்கப்பட்டிருந்தது. அலையின் உயரமும் கடலின் நிலவரமும் கடலோர ஊர்களில் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டு வந்தன. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்ரா பூகம்பத்தின் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொல்லவே, எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். ஊரார் அறிவு மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன; உயிர் ஒன்றும் போகவில்லை. அங்கே இருந்தது விலையுயர்ந்த கருவி அல்ல. ஆனால் அது பாலிதீனில் சுற்றிப் பூட்டி வைத்த கருவியும் அல்ல. அன்றாடம் உழைத்ததனால் அந்தக் காலையில் தொட்டவுடன் பேசியது. செய்தி வந்து சேர வெளியூரோடு இணைப்பும் இருந்தது. பராமரிப்பு, இணைப்பு ஆகிய இரண்டையும் வீண் என்று சொல்கிறவர்கள், கடற்காற்று வீசும் நல்லவாட்டில் நின்று அதைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பின்னும் கடல் நம்மை மறந்துவிடவில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பர் 25 இரவில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையையே நாடி வருகின்றன. ஒடிசா அரசு 2018-இல் தன் கடற்கரையின் ஆறு மாவட்டங்களில் 122 எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவி, ஓரிடத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒலிக்கச் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அங்கும் வீசுவது இதே வங்கக் கடலின் காற்றே. அதிலும் இதே உப்பே.

கடைசியாக ஓர் ஆக்ஷேபம் நியாயமானது: வலையில் ஒரு சுவிட்ச் கெட்டால் ஊரே ஊமையாகிவிடாதா? ஒற்றைச் சுவிட்சை நம்பிப் போட்ட வலையானால் ஆகும். அதற்காகவே டான்டே கருவிகள் பலவற்றில் இரண்டாவது கேபிளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எண்வழி அறுந்தால் பழைய அனலாக் வழிக்குத் தானே மாறும் ஆம்பிளிபயர்களும் உண்டு. ஒரு பேட்டரியும் ஒரு மைக்கும் 100 வோல்ட் லைனும் எப்போதும் தனியே ஆயத்தமாக இருக்கட்டும். வலையை வெளி இண்டர்நெட்டோடு கண்டபடி திறந்துவிடாமலும், கல்யாண மண்டபத்து வை-ஃபையோடு கலக்காமலும் காப்பது அவசியம். இவை ஜாக்கிரதையாகச் செய்யவேண்டிய காரியங்கள். செய்யாமலிருப்பதற்குக் காரணங்கள் அல்ல.

மரக்காணம் முதல் கடலூர் வரையுள்ள பஞ்சாயத்துத் தலைவர்களையும் தர்மகர்த்தாக்களையும் மைக் செட் முதலாளிகளையும் நான் வேண்டிக்கொள்வது இது. அடுத்த ஆம்பிளிபயருக்கு விலை விசாரிக்கும் முன்னால், பூட்டிய அறையில் கிடப்பதன் பாலிதீன் தாளை அவிழ்த்தெறியுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, அவருக்கு உரிய கூலி கொடுத்து, மூடியைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். புரட்டாசி முடிவதற்குள் அழையுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் போர்டு உலராது.